சிறிய வீட்டில் வளரும் குடும்பம்: நேரம், பொருள், இடம் என்ற வரிசையில் ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு பேருக்குத் தாராளமாக இருந்த வீடு, ஒரு குழந்தை பிறந்ததும் திடீரென்று சிறுத்துப்போனதாகத் தோன்றுகிறது. உண்மையில் அந்தக் குழந்தை எடுத்துக்கொள்ளும் இடம் மிகக் குறைவு. அதை முன்னிட்டு வீட்டுக்குள் நுழையும் தொட்டிலும் தள்ளுவண்டியும் துணிமூட்டைகளும் பரிசுப்பொருள்களும்தான் தரையை விழுங்குகின்றன. இரண்டாவது குழந்தை நடக்கத் தொடங்கி, முதல் குழந்தை பள்ளிக்குப் போகும் காலத்தில் நெருக்கடியின் தன்மையே வேறாகிறது. ஒரே அறையில், ஒரே நேரத்தில், ஒருவர் தூங்க வேண்டும், இன்னொருவர் படிக்க வேண்டும், மூன்றாமவர் அலுவலக அழைப்பில் பேச வேண்டும் என்ற நிலை வருகிறது. ஆகவே, சதுர அடியைக் கூட்ட வழியில்லாத வீட்டில் முதலில் பங்கிட வேண்டியது நேரம், அடுத்தது பொருள், இடத்தைப் பற்றிய முடிவுகள் இவ்விரண்டுக்கும் பிறகுதான். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, புதிய அலமாரி வாங்குவதில் தொடங்குபவர்கள், அலமாரி நிற்கும் இடத்தையும் சேர்த்து இழப்பதே வழக்கமாக இருக்கிறது.

முதல் படி: எந்த நேரத்தில் முட்டிக்கொள்கிறோம் என்று பாருங்கள்

எதையும் நகர்த்துவதற்கு முன் ஒரு வாரம் வீட்டைக் கவனியுங்கள். ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைத் தோராயமாக வரைந்து, யாராவது யாருக்காவது காத்திருக்க நேர்ந்த இடத்தையும் மணியையும் அதில் குறித்துவாருங்கள். நாள் முழுவதும் வீடு நெரிசலாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள், குறிப்புகளைப் பார்த்தபின் நெரிசல் இரண்டு வேளைகளில் மட்டுமே என்பதைக் கண்டுகொள்வார்கள்: எல்லோரும் வெளியே கிளம்பும் காலை நேரமும், எல்லோரும் திரும்பி வந்தபின் தூங்கும் வரையிலான மாலை நேரமும்.

காலை நெரிசலின் மையம் பெரும்பாலும் குளியலறை. அங்கே நடக்கும் வேலைகளில் குளிப்பதும் கழிப்பறையைப் பயன்படுத்துவதும் தவிர மற்ற எவையும் அங்கேயே நடக்க வேண்டியதில்லை. கண்ணாடி, சீப்பு, முகப்பூச்சு ஆகியவற்றை வெளியே ஒரு சுவருக்கு மாற்றினாலே ஒவ்வொருவரும் உள்ளே இருக்கும் நேரம் கணிசமாகக் குறையும். சிறுவர்களின் குளியலை இரவுக்கு மாற்றுவது அடுத்த வழி. சீருடை, பை, காலணி ஆகியவற்றை முந்தைய இரவே வாசலுக்கு அருகில் ஒரே இடத்தில் வைக்கும் பழக்கம், காலையில் ஐந்து பேர் ஒரே அறைக்குள் எதையோ தேடிக்கொண்டு மோதிக்கொள்வதைத் தவிர்க்கிறது. செலவே இல்லாத இந்த மாற்றங்களை முதலில் செய்துவிட்டால், இடப்பற்றாக்குறை என்று நாம் நினைத்ததில் எவ்வளவு உண்மையான இடப்பற்றாக்குறை என்பது தெளிவாகும்.

இரண்டாம் படி: பொருள்களைக் குறைப்பது

குழந்தைகள் உள்ள வீட்டில் பொருள்களைக் குறைப்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை அல்ல. அவர்கள் வளர்வதால் ஒவ்வொரு சில மாதங்களிலும் ஒரு தொகுதித் துணியும் காலணியும் விளையாட்டுச் சாமானும் பயனிழக்கின்றன. புதியவை வந்து சேர்கின்றன. வெளியேறும் வழி திட்டமாக இல்லாத வீடு, நுழையும் பொருள்களால் தானாகவே நிறையும். ஆகவே, அளவு மீறிய துணிகளைப் போடுவதற்கென்று அலமாரியின் அடித்தட்டில் ஒரு பையை நிரந்தரமாக வைத்துவிடுங்கள். அது நிறைந்ததும் உறவினருக்கோ தேவைப்படுபவர்களுக்கோ போய்விட வேண்டும். இளைய குழந்தைக்காக எடுத்துவைப்பதானால், பெட்டியின்மேல் குழந்தையின் பெயரை எழுதாமல் துணியின் அளவை எழுதுங்கள். தேவையான நேரத்தில் அந்தப் பெட்டி நினைவுக்கு வர அதுவே உதவும். அடுத்த அளவுக்கு உரியதை மட்டும் எடுத்துவைப்பது போதும். நான்கு ஆண்டுகள் கழித்துப் பயன்படும் என்று சேமிக்கும் துணி, அதுவரை தங்கும் இடத்தின் மதிப்பை ஈடுசெய்வதில்லை.

விளையாட்டுச் சாமான்களில் ஒரு பகுதியை மட்டும் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, மீதியைப் பெட்டியில் மூடி, சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றலாம். பழைய பொம்மை திரும்பி வரும்போது புதியதைப் போலவே வரவேற்புப் பெறும். குறுகிய காலமே பயன்படும் பெரிய சாமான்களை, குறிப்பாகத் தொட்டில், நடைவண்டி, உயர நாற்காலி போன்றவற்றை, இரவல் வாங்குவது நல்லது. ஆனால் தொட்டிலை இரவல் வாங்கும்போது அதன் கம்பிகளுக்கிடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லை என்பதையும், மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இடுக்கு இல்லை என்பதையும், பக்கவாட்டுத் தடுப்பு கீழிறங்கும் வகையைச் சேர்ந்ததல்ல என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பொருள்களைக் கழிப்பதற்கு முன்பே அழகான பெட்டிகளும் கூடைகளும் வாங்கிக் குவிப்பது, தேவையற்றவற்றுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்குச் சமம். குழந்தைகளின் ஓவியங்களையும் முதல் காலணிகளையும் தூக்கிப்போடச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ஆளுக்கு ஒரு பெட்டி என்று எல்லை வகுத்து, அது நிறைந்தால் அந்தக் குழந்தையே உட்கார்ந்து எதை வைப்பது என்று தேர்ந்தெடுக்கட்டும்.

மூன்றாம் படி: தூக்கத்துக்கு முதலிடம்

இடத்தைப் பங்கிடத் தொடங்கும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது யார் எங்கே தூங்குவது என்பதே. விளையாட்டும் படிப்பும் உணவும் இடம் மாறினால் தாங்கிக்கொள்ளலாம்; தூக்கம் கெட்டால் மறுநாள் முழு வீடும் அதன் விளைவை அனுபவிக்கும். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒரு நாளில் 1 முதல் 2 வயதுக் குழந்தைக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3 முதல் 5 வயது வரை 10 முதல் 13 மணி நேரமும், 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை. சிறு குழந்தைகளுக்கான கணக்கில் பகல் தூக்கமும் அடங்கும். ஒரே அறையில் தூங்கும் மூன்று வயதுக் குழந்தையும் பத்து வயதுச் சிறுமியும் ஒரே நேரத்தில் விளக்கணைக்க வேண்டியதில்லை என்பதற்கு இந்த எண்களே சான்று. இளையவரை முதலில் தூங்கவைத்து, மூத்தவர் அரை மணியோ ஒரு மணியோ கழித்துச் சத்தமில்லாமல் உள்ளே வரும்படி ஏற்பாடு செய்தால், இருவருக்கும் போதிய தூக்கம் கிடைப்பதோடு மூத்தவருக்குப் பெற்றோருடன் தனியாக இருக்கும் நேரமும் கிடைக்கிறது.

கைக்குழந்தைக்குத் தனி அறை இல்லையே என்று வருந்தத் தேவையில்லை. குறைந்தது முதல் ஆறு மாதங்கள் வரை குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், தூங்குவதே பாதுகாப்பானது என்று குழந்தைநல மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். படுக்கை உறுதியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். குழந்தையை மல்லாந்து படுக்கவைக்க வேண்டும். தலையணை, மென்பொம்மை, தளர்ந்த போர்வை ஆகியவை படுக்கைக்குள் இருக்கக் கூடாது. இடம் மிச்சமாகும் என்பதற்காகக் குழந்தையைச் சோபாவில் தூங்கவைப்பதும், குழந்தையுடன் சோபாவில் கண்ணயர்வதும் ஆபத்தானவை.

வளர்ந்த குழந்தைகளுக்கு அடுக்குக் கட்டில் உண்மையிலேயே இடத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களை மேல்தட்டில் படுக்கவைக்கக் கூடாது. மேல்தட்டின் இரு பக்கமும் தடுப்புக் கம்பி இருக்க வேண்டும். சுவரை ஒட்டிய பக்கத்துக்கும் இது பொருந்தும், ஏனெனில் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையிலான இடுக்கில் குழந்தை சிக்கிக்கொள்ள நேரிடலாம். தடுப்பின் மேல்விளிம்பு மெத்தைக்கு மேலே குறைந்தது 5 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். வழக்கத்தைவிடத் தடிமனான மெத்தையை வாங்கிப் போட்டால் இந்த உயரம் தெரியாமலேயே குறைந்துவிடும். அறையில் கூரை மின்விசிறி இருந்தால் அதன் இறக்கைகளுக்கு எட்டாத மூலையில்தான் கட்டில் நிற்க வேண்டும். அப்படி ஒரு மூலை இல்லையென்றால் அடுக்குக் கட்டிலை மறந்துவிட்டு, கீழே இழுத்து விரிக்கும் இரட்டைக் கட்டிலைத் தேடுங்கள்.

கட்டில் வாங்குவதற்கு முன் செய்து பார்க்க வேண்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. கட்டிலின் நீள அகலத்துக்குச் செய்தித்தாள்களை ஒட்டித் தரையில் விரித்து, அதன்மேல் யாரும் கால்வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள்கள் அந்த அறையில் புழங்குங்கள். முதல் மாலையிலேயே அலமாரிக் கதவு தாளின் விளிம்பில் இடிக்கும். ஜன்னல் கொக்கியை எட்ட ஒரு காலைத் தாளின்மேல் வைக்காமல் முடியாது என்று தெரியும். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தவரின் கால் பட்டு ஒரு மூலை கிழிந்திருக்கும். அந்தக் கிழிசல் இருக்கும் இடம்தான் நாளை கட்டிலின் கால் இருக்கப்போகும் இடம்.

இரண்டு படுக்கையறைகள் உள்ள வீட்டில் பெரிய அறை பெற்றோருக்கு என்ற வழக்கத்தை மறுபரிசீலனை செய்யலாம். இரவில் தூங்க மட்டுமே அறையைப் பயன்படுத்துபவர்கள் பெரியவர்கள். அதில் விளையாடி, படித்து, சண்டையிட்டு, சமாதானமாகி வாழ்பவர்கள் குழந்தைகள். என் கருத்தில், இரண்டாவது குழந்தை பிறந்தபின் பெரிய அறையைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதே சரியான கணக்கு.

நான்காம் படி: ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஓர் இடம்

தனி அறை கொடுக்க முடியாவிட்டாலும் தனி இடம் கொடுக்க முடியும். ஒரு தட்டு, ஒரு கொக்கி, பூட்டக்கூடிய ஓர் இழுப்பறை, தலைமாட்டில் ஒரு சிறிய விளக்கு. இவை நான்கும் ஒரு குழந்தைக்குச் சொந்தமாக இருந்து, மற்றவர்கள் கேட்காமல் தொடக் கூடாது என்ற விதியும் கறாராகப் பின்பற்றப்பட்டால், உடன்பிறந்தோரின் சண்டைகளில் பாதி எழாது. விதி பெற்றோரையும் கட்டுப்படுத்த வேண்டும். சுத்தம் செய்கிறேன் என்ற பெயரில் பிள்ளையின் இழுப்பறையைக் கொட்டிக் கவிழ்க்கும் பெற்றோர், தம்பியிடம் மட்டும் ‘தொடாதே’ என்று சொல்ல முடியாது.

பருவ வயதை நெருங்கும்போது மறைவு என்பது தேவையாகிவிடுகிறது. அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் இருந்தால், அந்த வயது வந்த பிறகு தடுமாறுவதைவிட ஓராண்டு முன்பே மாற்றத்தைத் திட்டமிடுவது நல்லது. கூரையில் தண்டவாளம் பொருத்தித் தொங்கவிடும் கனமான திரை மலிவானது, வெளிச்சத்தையும் காற்றையும் தேவைப்படும்போது விட்டுக்கொடுக்கக்கூடியது. அலமாரியை நடுவே நிறுத்திப் பிரிப்பதானால் அதைக் கூரையுடனோ தரையுடனோ அசையாதபடி பிணைக்க வேண்டும். ஜன்னல் ஒருவர் பக்கம் மட்டும் விழுந்துவிடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எந்தத் தடுப்பும் இயலாத இடத்தில், உடை மாற்றுவதற்குக் குளியலறை, கதவு தட்டாமல் நுழையக் கூடாது, மாலையில் ஒரு மணி நேரம் அறை ஒருவருக்கு மட்டும் என்பன போன்ற விதிகள் ஓரளவு சுவரின் வேலையைச் செய்கின்றன. பெற்றோருக்கும் இதே உரிமை உண்டு என்பதைப் பிள்ளைகள் சிறு வயதிலேயே அறிந்திருக்க வேண்டும்; மூடிய கதவைத் தட்டக் கற்றுக்கொடுப்பதற்குச் சரியான வயது நான்கைந்து.

ஐந்தாம் படி: அளவுகளும் அறைகலன்களும்

சிறிய அறையில் அறைகலனின் அகலத்தைவிட ஆழமே பகை. துணிகளைக் கொக்கியில் தொங்கவிடும் அலமாரிக்கு 2 அடி ஆழம் வேண்டும். மடித்து வைப்பதற்கு ஒன்றரை அடி போதும். புத்தகங்களுக்கு 10 முதல் 12 அங்குலம் போதும். எல்லாவற்றையும் 2 அடி ஆழ அலமாரியில் அடைப்பவர்கள், முன்வரிசைக்குப் பின்னால் மறைந்து, இருப்பதே மறந்துபோகும் இரண்டாம் வரிசையை உருவாக்குகிறார்கள். முக்கிய நடைவழிக்கு 3 அடியும், கட்டிலின் ஓரம் போன்ற சிறு வழிகளுக்கு 2 அடிக்குக் குறையாமலும் விட வேண்டும். உள்பக்கமாகத் திறக்கும் கதவு ஒவ்வொன்றும் தன் வீச்சுக்குள் வரும் தரையை முடக்கிவைக்கிறது. அதை வெளிப்பக்கமாகத் திறக்கச் செய்வதோ நகரும் கதவாக மாற்றுவதோ சாத்தியமா என்று தச்சரிடம் கேளுங்கள்.

மடக்கி விரிக்கும் அறைகலன்களைப் பற்றி எனக்குச் சற்று ஐயம் உண்டு. விளம்பரத்தில் பத்து விநாடியில் கட்டிலாக மாறும் சோபாவின்மேல் உண்மையான வீட்டில் மடிக்காத துணிகளும் பள்ளிப் பைகளும் கிடக்கின்றன; அவற்றை அகற்றி, மெத்தையை இழுத்து, விரிப்பை மாட்டி, காலையில் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். சில வாரங்களில் அது நிரந்தரக் கட்டிலாகவே நின்றுவிடுகிறது. ஒரே அசைவில் மடங்குபவை மட்டுமே நிலைக்கும்: சுவரில் கீல் வைத்துப் பொருத்திய மேசைப்பலகை, அடுக்கிவைக்கக்கூடிய முக்காலிகள், உருட்டித் தள்ளும் பெட்டி. தரையில் மெத்தை விரித்துத் தூங்கும் வீடுகள் இந்தச் சிக்கலை ஏற்கெனவே தீர்த்துவிட்டன; மெத்தையின் அடிப்பக்கம் ஈரம் கோக்காமல் இருக்கக் காலையில் சற்று நேரம் காற்றாட விட்டபின் சுருட்டினால் போதும்.

பரணும் கட்டிலடியும் ஆண்டுக்கு ஓரிருமுறை தேவைப்படுபவற்றுக்கு. அன்றாடம் வேண்டியவை முழங்காலுக்கும் கண்மட்டத்துக்கும் இடையில் இருக்கட்டும். சமையலறையில் இந்தக் கணக்கைத் துல்லியமாகச் செய்து காட்டியவர் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. 1926-இல் பிராங்பர்ட் நகரின் பொதுக் குடியிருப்புகளுக்காக அவர் வடிவமைத்த சமையலறை ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் மட்டுமே கொண்டது. சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார் என்று கணக்கிட்டு, அதற்கேற்ப அடுப்பையும் தொட்டியையும் இழுப்பறைகளையும் அவர் அமைத்தார். சமையலறை சிறியது என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள், அடுப்பைப் பற்றவைப்பதிலிருந்து ஒரு முழுச் சமையல் முடியும்வரை தாங்கள் எங்கெல்லாம் நடக்கிறோம் என்று ஒருநாள் பார்த்தால், இடம் மாற வேண்டிய இரண்டு மூன்று சாமான்கள் தாமாகவே தெரியும்.

ஆறாம் படி: சத்தமும் படிப்பும்

கீழ்வகுப்புப் பிள்ளைகள் பெரியவர்கள் புழங்கும் மேசையில் படிப்பதில் தவறில்லை. பக்கத்தில் ஒருவர் இருப்பது அவர்களுக்கு உதவியே. மேல்வகுப்புக்கு வந்தவருக்குப் புத்தகங்களைத் தினமும் எடுத்து அடுக்கத் தேவையில்லாத ஓர் இடம் வேண்டும். 3 அடி அகலமும் 2 அடி ஆழமும் உள்ள பலகை அதற்குப் போதும்.

திரைச்சீலையும் தரைவிரிப்பும் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். அடுத்த அறைக்குச் செல்லும் சத்தத்தை அவை தடுப்பதில்லை. அந்தச் சத்தத்தில் கணிசமான பகுதி கதவின் அடியிடுக்கு வழியாகப் போகிறது என்பதால், அங்கே ரப்பர் பட்டையொன்றைப் பொருத்துவது நல்ல பலன் தரும். புத்தகங்கள் நிறைந்த அலமாரியைப் பொதுச்சுவரில் வைப்பதும் சிறிது உதவும். இவற்றையெல்லாம்விட, மாலையில் தொலைக்காட்சியும் கைபேசி ஒலிபெருக்கியும் இயங்காத ஒரு குறிப்பிட்ட நேரத்தை எல்லோரும் ஒப்புக்கொண்டு கடைப்பிடிப்பது அதிகம் உதவும்.

ஏழாம் படி: காற்று, ஈரம், பாதுகாப்பு

ஆள்கள் கூடக்கூட வீட்டில் ஈரமும் கூடுகிறது. மூச்சு, குளியல், சமையல் ஆகியவற்றோடு, துணிகளை உள்ளே கொடி கட்டி உலர்த்தினால் ஒருமுறை துவைத்த துணியிலிருந்து ஏறத்தாழ 2 லிட்டர் வரை தண்ணீர் காற்றில் கலக்கலாம். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். அது குழந்தைகளின் ஆஸ்துமாவைத் தூண்டும். உள்ளே உலர்த்துவதைத் தவிர்க்க முடியாதபோது, ஒரே அறையில், ஜன்னலைத் திறந்தோ வெளியேற்று விசிறியை ஓடவிட்டோ, மற்ற அறைகளுக்கான கதவை மூடி உலர்த்துங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரிக்குப் பின்னால் 2 அங்குல இடைவெளி விடுங்கள். எதிரெதிர் ஜன்னல்களைத் தினமும் சற்று நேரம் திறப்பது தொற்றுநோய் பரவலையும் குறைக்கும். ஒருவருக்குச் சளி பிடித்தால் எல்லோருக்கும் வந்துவிடும் வீடுகளில் இது முக்கியம்.

சிறிய வீட்டுக்கே உரிய ஆபத்துகள் மூன்று. இடம் இல்லாததால் உயரமாகப் போகும் அலமாரிகள், அவற்றின் இழுப்பறைகளில் குழந்தை ஏறும்போது கவிழ்கின்றன. ஒவ்வொன்றையும் சுவரோடு திருகிப் பிணைப்பது கட்டாயம். வேறு இடம் இல்லாமல் ஜன்னலின் கீழே போடப்படும் கட்டில், ஜன்னலுக்கு ஏணியாகிவிடுகிறது. உறுதியான கம்பித் தடுப்போ, 10 சென்டிமீட்டருக்கு மேல் திறக்காதபடி தடுக்கும் பூட்டோ வேண்டும். ஒரே மின்பொருத்தியிலிருந்து பல இணைப்புப் பெட்டிகளைக் கோத்துச் செல்வது தீவிபத்துக்கு வழிவகுக்கும். வெளியேறும் வழியில் மிதிவண்டியையோ பெட்டிகளையோ அடுக்குவதும் இதே வகைத் தவறுதான்.

எட்டாம் படி: மாற்றிக்கொண்டே இருப்பது, எப்போது நிறுத்துவது

இன்று பொருத்தமாக அமைத்த வீடு இரண்டு ஆண்டுகளில் பொருந்தாமல் போகும். ஆகவே சுவரை இடிப்பது போன்ற மீளமுடியாத மாற்றங்களைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறைகளில் ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து, எது இடிக்கிறது, யாருக்கு என்ன தேவை என்று பேசலாம். அலமாரியின் எந்தத் தட்டு தனக்கு எட்டவில்லை என்பதை ஏழு வயதுக் குழந்தை நம்மைவிடத் துல்லியமாகச் சொல்லும்.

எல்லா ஏற்பாடுகளுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வசிப்பறை ஒன்றுக்கு மூவருக்கு மேல் இருந்தால் அது போதிய இடமில்லாத வீடு என்று ஐ.நா. வாழ்விட அமைப்பு வரையறுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதல்கள், வீட்டு நெரிசலைக் காசநோய் முதலான தொற்றுகளோடு தொடர்புபடுத்துகின்றன. யாரோ ஒருவர் நிரந்தரமாக நடைவழியில் தூங்க நேர்ந்தாலோ, பருவ வயதுப் பிள்ளைக்கு மறைவுக்கு எந்த வழியும் இல்லாமல் போனாலோ, நோயாளியைப் பிரித்து வைக்கவே முடியாவிட்டாலோ, அடுக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டு வீடு மாறுவதைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். அப்போது புதிய வீட்டின் மொத்தச் சதுர அடியை முதலில் கேட்காமல், மூடக்கூடிய கதவு உள்ள அறைகள் எத்தனை, கழிப்பறையும் குளியலறையும் தனித்தனியா, ஒவ்வோர் அறைக்கும் ஜன்னல் உண்டா என்று கேளுங்கள். நூறு சதுர அடி கூடுதலாக உள்ள ஒரு பெரிய கூடத்தைவிட, கதவு மூடும் ஒரு சிறிய மூன்றாவது அறையே வளரும் குடும்பத்துக்கு அதிக நாள் உழைக்கும்.